கப்பல் காத்திருக்கட்டும்

காலடியில் கண்ணாடி.
அதன் கீழே முப்பத்தெட்டு மீட்டர் வெற்றிடம்.
குனிந்தே பார்க்கவேண்டிய வேலை:
பெட்டியின் நான்கு மூலைக்கும்
நான்கு இரும்பு விரலைப் பொருத்தித் தூக்குவது.

இன்று குனிந்தபோது
நெற்றிக்குப் பின்னால் ஏதோ ஒன்று
பெட்டியைவிடக் கனமாக முன்னுக்குச் சரிந்தது.

ஒற்றைத் தலைவலியும் எனக்குப் பழக்கம்தான்.
அது ஒரு கண்ணைத் தோண்டிக்கொண்டு வரும்,
வெளிச்சத்தைக் கண்டால் சீறும்.
இதுவோ தலை முழுக்க இறுக்கும் வளையம்.
குனிந்தால் கூடும், வெடுக்கென்று திரும்பினால் கூடும்,
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

டர்பனில் செப்டம்பர்.
மலையிலிருந்து பெர்க் காற்று இறங்கியிருக்கிறது.
வியர்த்ததே தெரியாது,
தோலுக்கு வந்த துளியை அங்கேயே நக்கிவிடும்.
சட்டை முதுகில் மட்டும்
உப்பு, வெள்ளைக் கோட்டில் கணக்கெழுதும்.

இருக்கைக்குப் பின்னால் இரண்டு லிட்டர் தண்ணீர்.
காலை ஆறு மணிக்கு நிறைத்தது.
மூடி திறக்கவில்லை.
மறதி என்று நினைக்காதீர்கள்,
நானே போட்ட கணக்கு அது:

லிஃப்டுவரை நடந்து, இறங்கி,
துறையின் மறுகோடியில்
பெண்களுக்கென்று இருக்கும் ஒரே கதவுக்குப் போய்
(அதன் சாவி மேற்பார்வையாளர் மேசையில்)
திரும்பி ஏற இருபத்தாறு நிமிடம்.
ஆண்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்காதீர்கள்.
காலிப் பாட்டில் அவர்களுக்குப் போதும்.

ஏழு வருடம் இப்படி ஓட்டினேன்.
இரண்டு மணிக்கு வலி,
வெறும் வயிற்றில் தலைவலித் தூள், மேலே ஒரு கோக்,
நாலரைக்கு மரத்த மண்டையோடு
சாட்ஸ்வொர்த் பஸ்.
கண் பட்டிருக்கு என்று நாத்தனார் கோகிலம்
உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவாள்.
பாவம், உப்புவரை சரியாகத்தான் வந்தாள்.

போன மாதம் கிளினிக்கில் நர்ஸ் நொக்வாசி
மாத்திரை தராமல் ஒரு கேள்வி கேட்டாள்:
"சிறுநீர் என்ன நிறம்?"
ரூயிபோஸ் தேநீர், என்றேன் வெட்கத்தோடு.
அவள் சிரிக்கவில்லை.
என் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டாள்.
அது யோசித்து யோசித்துத் திரும்பியது.

"தாகம் வருமுன் குடி, லோகாஷ்னி.
தாகம் தாமதமாக வரும் தபால்.
வாந்தி நிற்காவிட்டால், பேச்சுக் குழறினால்,
கிழமை மறந்துபோனால்
என்னிடம் வராதே, நேரே ஆஸ்பத்திரி."

இன்று கிழமை நினைவிருந்தது. வியாழன்.
இரண்டு பிடியையும் விட்டுவிட்டுத் திறந்தேன்.
மடமடவென்று கவிழ்த்தால் வயிறு திருப்பித் தள்ளும்,
வாய் வாயாக.
கூடவே வீட்டில் கலக்கிய இன்னொரு பாட்டில்:
லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை,
அரைக் கரண்டி உப்பு.
அழுதுகொண்டே பழரசம் குடித்த ருசி.

வெயில் விழும் கண்ணாடியில் மேலங்கியை மாட்டினேன்.
அரை மணியில் வளையம் ஒரு சுற்றுத் தளர்ந்தது.
ஒரு மணியில்,
ஆமாம், மற்றது வந்தது.
நியாயம்தானே.

ரேடியோவை அழுத்தினேன்.
"கிரேன் பதினான்கு. இறங்குகிறேன்."
"பழுதா?" என்றார் சகாதேவன் மூட்லி.
"மூத்திரம்."
இரைச்சல். யாரோ சிரித்தார்கள்.
பிறகு கிரேன் ஒன்பதிலிருந்து தண்டேகா:
"எனக்கும்."

நாலாயிரம் பெட்டி சுமந்த கப்பல்
பாதி தூக்கிய வாயோடு நிற்கிறது.
கீழே நாங்கள் இருவரும் கதவருகே.
சாவியை இன்னும் தேடுகிறார்கள்.
தேடட்டும்.
தண்டேகா, இந்தா,
ஒரு வாய் குடி.