இருபது கிலோவின் மடங்குகளில்

சீனன்குடாவில், மா ஆலையின் எடைப்பாலத்தில்
எனக்கு இரவு முறை.
வெறும் லொறி, பாரம் ஏற்றிய லொறி,
ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் மா.
பதினொரு வருசமாய் இந்தக் கழித்தல்தான் சோறு.

ஒருவரும் இல்லாத நேரம் நானே ஏறி நிற்பேன்.
பாலம் இருபது இருபதாய்த்தான் எண்ணும்.
நூற்றிமுப்பத்தெட்டு நான்;
நூற்றிநாற்பது என்று காட்டும்.
இரண்டு கிலோ அதன் அன்பளிப்பு.

டொக்டர் ரிஸ்வானா
கிளினிக் கொப்பியின் பின்மட்டையில்
மூன்று இரைப்பை கீறினா.
மூன்றும் மாங்காய் மாதிரி வந்தது.
"எனக்குக் கீறத் தெரியாது,
வெட்டத் தெரிஞ்ச ஆக்கள் கொழும்பில இருக்காங்க."

முதலாவது, பட்டி.
இரைப்பையின் கழுத்தில் சிலிக்கன் வளையம்,
தோலுக்கடியில் ஒரு சின்ன வாய்.
ஊசியால் உப்புத்தண்ணி ஏற்றி இறுக்கலாம், தளர்த்தலாம்,
வேண்டாமென்றால் கழற்றலாம்.
கழற்றலாம் என்ற இடத்தில் என் காது நின்றது.
"வழுகும். இப்ப பெரிசா ஆரும் போடுறதில்லை."
அந்த மாங்காய்க்கு மேல் ஒரு கோடு இழுத்தா.

இரண்டாவது, சட்டைக்கை.
நாலில் மூன்று பங்கை வெட்டி வெளியே எடுத்து
மிச்சத்தை வரிசையாய் ஸ்டேப்பிள் அடித்து
ஒடுக்கமான கையாய் விடுவது.
பசியைச் சுரக்கிற மூலையும் அதோடே போய்விடும்.
நெஞ்செரிவு வரலாம்.
போனது போனதுதான்.

வெட்டினது எவ்வளவு பாரம் வரும் என்று கேட்டேன்.
தொழில் புத்தி.
பேனையைக் கடித்து யோசித்தா.
"இருநூறு கிராம் வருமோ என்னவோ."
என் பாலத்துக்கு அது
காகம் ஒன்று குந்தி எழும்பின கணக்கிலும் சேராது.

மூன்றாவது, பைபாஸ்.
முட்டையளவு பையை மேலே பிரித்து
சிறுகுடலை இழுத்துவந்து அதில் தைப்பது.
என் சீனி வருத்தத்துக்கு இதுதான் திறமாம்.
ஆனால் சாகுமட்டும் விற்றமின் குளிசை.
இனிப்பு கொஞ்சம் கூடினாலும்
நெஞ்சு படபடத்து வியர்த்துக் கொட்டும்.

"அப்ப பழைய இரைப்பை?"
"உள்ளேயேதான் கிடக்கும்.
சாப்பாடு வராது. ஆனாலும் சுரந்துகொண்டு இருக்கும்."

வெளியே, ஆஸ்பத்திரி மதிலடியில்
புள்ளிமான் ஒன்று சோற்றுப் பொலித்தீனைச் சவைத்தபடி நின்றது.
நாலு அறை வயிறு அதுக்கு.
"முதல்ல இதுக்குச் செய்யச் சொல்லுங்கோ," என்றாள் சுகிர்தமலர்.
பிறகு பஸ்ஸில் கேட்டாள்,
எதில் லீவு குறைவு என்று.

கிண்ணியா மஹ்தூமிடம் சொன்னேன்.
லொறிக் கண்ணாடியை இறக்கி முழுக்கக் கேட்டான்.
புதுப் பாலம் திறந்த மறுநாள்
பாதை ஓட்டின அவன் மாமா
விடிய எழும்பித் துறைக்குப் போய்க் கயிறு அவிழ்த்தாராம்.
"வாகனமெல்லாம் மேலால போகுது,
மனிசன் கீழ எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு நிக்கிறார்."
சிரித்தான்.
நானும் சிரித்தேன். வயிறு குலுங்கியது,
மூன்றில் எதுவென்று தெரியவில்லை.

போன செவ்வாய்
மூன்றாவது மாங்காயைச் சுற்றி வட்டம் போட்டுக் கொடுத்தேன்.
திகதி பிறகு சொல்வார்கள்.

நேற்றிரவு மஹ்தூம்
வீட்டுத் தொதல் ஒரு பொதி தந்துவிட்டுப் போனான்.
பாலத்தின் நடுவில் கொண்டுபோய் வைத்தேன்.
திரும்பி வந்து பார்த்தேன்:
பூச்சியம்.

பூச்சியம்தானே என்று
ஒரு துண்டு எடுத்தேன்.