விரல் நீளம்

விரல் நீளத்துக்கு வெட்டுங்கள் என்றார்
குழந்தைநல நிலையத்துச் செவிலி.
யார் விரல் என்று நான் கேட்கவில்லை.
அவர் கண் ஒரு கணம்
என் வலக்கைக்குப் போய்
அவசரமாகக் கேரட்டுக்குத் திரும்பியது.

ஆள்காட்டியும் நடுவிரலும்
அக்டோபரில் விஞ்சுக்குள் போயின.
கடல் நிற்கவில்லை,
தூண்டில் கயிறு மட்டும் கொஞ்சம் நின்று
பிறகு ஓடியது.

இப்போது ஜனவரி. வார்டோவில்
சூரியன் திரும்பி வந்து நாலு நாள்.
பத்து மணிக்கு வந்து
ஜன்னலில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு
பன்னிரண்டுக்குள் போய்விடுகிறது.
அந்த வெளிச்சத்தில்தான் எங்கள் பாடம்.

மேசைக்கு அந்தப் பக்கம் யோருன், எட்டு மாதம்,
கீழே இரண்டு பல், மேலே வெறும் ஈறு.
இந்தப் பக்கம் நான்.
அவள் முன்னால் குழைய வெந்த கேரட்,
உருளைக்கிழங்கு, வெண்ணெய் தடவிய ரொட்டி.
என் முன்னால் ஒரு தகர டப்பா,
காய்ந்த பட்டாணி நாற்பது.
கட்டைவிரலும் மோதிரவிரலும் சேர்த்து
ஒவ்வொன்றாய் எடுத்துப் போடு,
நாளைக்கு மூன்று முறை:
இயன்முறை மருத்துவர் எழுதிக் கொடுத்த தண்டனை.

அவள் முழுக்கையால் அள்ளுகிறாள்.
முஷ்டியின் இரண்டு பக்கமும்
கேரட் பிதுங்கி வருகிறது.
உள்ளே இருப்பதைத் தின்னக்
கையைத் திறக்க வேண்டும் என்று
அவளுக்கு யாரும் சொல்லவில்லை.
கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல்
கழுத்து மடிப்பில் போய் உட்காருகிறது.
என் பட்டாணியும் அப்படித்தான்.
எடுத்துவிட்டேன் என்று நினைக்கும்போது
இல்லாத விரல்தான் எடுத்திருக்கிறது.

ஒருமுறை அவளுக்குக் குமட்டியது.
முகம் சிவந்து, நாக்கு வெளியே வந்து,
கண்ணில் நீர். எழுந்துவிட்டேன்.
சத்தம் இருக்கும்வரை பொறுங்கள்,
சத்தம் நின்றால்தான் பயப்பட வேண்டும்,
செவிலி சொல்லியிருந்தார்.
படகு எஞ்சினுக்கும் அதே விதி.
இருமினாள். கிழங்குத் துணுக்கு மேசைக்கு வந்தது.
தெரிந்தவரைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்து
மறுபடி வாயில் போட்டுக்கொண்டாள்.
உட்கார எனக்குத்தான் நேரம் பிடித்தது.

செவ்வாய்க்கிழமை மீன்.
வெந்த காட் மீன் இதழ் இதழாய்ப் பிரியும்.
முள் தேடத் தெரிந்தது ஆள்காட்டிக்கு மட்டும்.
இருபது வருடம் அது பார்த்துக்கொண்டது,
நான் வேறு எதையாவது பேசிக்கொண்டிருப்பேன்.
கட்டைவிரல் மந்தமான பையன்.
அவனை இதழ்மேல் நடக்கவைத்தேன்,
ஒரு முறை, இன்னொரு முறை,
பிறகு என் உதட்டில் வைத்துப் பார்த்தேன்.
கிடைத்தது ஒரு முள், மீசைமயிர்ப் பருமன்.
சின்னோவ ராடார் அறை வேலைக்குக் கிளம்பியபோது
அதை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன்.
திரையில் புதிதாய் ஒரு கப்பல் தெரிந்ததுபோல்
கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

நேற்று டப்பாவில் முப்பத்தொன்பது.
மறுபடி எண்ணினேன்.
முப்பத்தொன்பது.
யோருன் வாய் மூடியிருந்தது. சத்தம் இல்லை.
வாயைத் திற, திற என்று கத்தினேன்,
நான் பாட்டுப் பாடுகிறேன் என்று நினைத்து
சிரித்தாள்:
இரண்டு பல், ஒரு நாக்கு, வேறொன்றும் இல்லை.
பட்டாணி என் சட்டைக் கைமடிப்பில் இருந்தது.

அன்றைக்கே நாற்பதையும் ஊறப்போட்டு
மசியும்வரை வேகவைத்தேன்,
ஒவ்வொன்றையும் நசுக்கித் தட்டையாக்கினேன்.
இயன்முறை மருத்துவரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

இன்று இருவருக்கும் ஒரே தட்டு.
வழுக்குகிறது. நான் ஒன்பது எடுப்பதற்குள்
அவள் கட்டைவிரலையும் ஆள்காட்டியையும்
எங்கிருந்தோ கண்டுபிடித்து,
மூச்சைப் பிடித்துக்கொண்டு,
ஒன்றே ஒன்றைத் தூக்கிவிட்டாள்.
தின்னவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
பிறகு அதைக் கீழே விட்டுவிட்டு
என் கையை இழுத்தாள்,
மிச்சமிருக்கும் அடிக்கணுவை வாயில் வைத்துக் கடித்தாள்.
உணர்ச்சி வராது என்று சொல்லப்பட்ட இடத்தில்
இரண்டு பல், தெளிவாக, இரண்டு.

பிடிக்கவில்லை போலிருக்கிறது.
துப்பிவிட்டு
ரொட்டிக்குக் கை நீட்டினாள்.