வெயில் மணி

முதலில் செய்தது மழை மணி.
உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்த நோட்டுத்தாள்,
பல்லால் தோலுரித்த இரண்டு ஒயர்,
ரெஜினா வீட்டு ரிமோட் பாதி குடித்துவிட்டு வைத்த செல்கள்,
மழையில் செத்த ரேடியோவிலிருந்து மூன்றுகால் பூச்சி ஒன்று,
அலாரம் டைம்பீஸின் தொண்டை.
துளி விழுந்தால் உப்பு வழிவிடும்,
தொண்டை கத்தும்.

கொளப்பள்ளியில், ஆடி மாதத்தில்,
துளி விழ வேண்டியதே இல்லை.
மூட்டம் தகர இடுக்கில் நுழைந்து
எங்களோடு கம்பளிக்குள் படுத்துக்கொள்ளும்.
ராத்திரி எட்டரைக்குக் கத்தத் தொடங்கியது
செல் தீரும்வரை கத்தியது.
காலையில் ஃபாக்டரியிலிருந்து வந்த முத்துக்கருப்பன் மாமா
வாசலில் நின்று கேட்டார்:
"மழை பெய்யுதுன்னு சொல்ல ஒரு மிஷினா?
எப்ப விடும்னு சொல்லுமா அது?"

திட்டத்தான் கேட்டார்.
யோகலெச்சுமி அதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டாள்.

ரிசார்ட் குப்பையில் கழுத்தொடிந்த தோட்ட விளக்கு.
அதன் தலையில் பிஸ்கட் அளவு சோலார்த் தகடு,
கீறல் இருந்தது, உயிரும் இருந்தது.
திறந்தால் பாடும் வாழ்த்து அட்டையின் வயிற்றில்
பொட்டு அளவு சில்லு.
குடைக்கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி
பழைய பலகையின் ஈயத்தையே உருக்கி ஒட்டினோம்.
என் சுட்டுவிரலில் இன்னும் அந்த வெள்ளைத் தழும்பு.

டார்ச் அடித்துப் பார்த்தோம். முனகியது, அவ்வளவுதான்.
சரியா தப்பா என்று தெரிய
பதினோரு நாள் ஆனது,
வெயில் வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் ஞாயிறு.
பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால்
கூரைமேல் பாட்டு.
லைன் முழுக்கக் கதவு திறந்தது.
யூனிஃபார்ம், பாவாடை, நான்கு நாள் பிழியாத பெட்ஷீட்,
பூசணம் பிடித்த மிளகாய், ஒரு கைக்குழந்தை,
எல்லாம் வெளியே ஓடிவந்தன.
மூன்றாவது வரியின் நடுவில்
பாட்டு நின்றது.

அதன்பிறகு எங்கள் லைனில் வெயிலுக்கு அளவு வந்தது.
"இன்னிக்கி எவ்ளோ?"
"ரெண்டரை வரி."
"சாக்ஸுக்குப் பத்தும். பெட்ஷீட்டுக்கு
நாலு பாட்டாவது வேணும்."

ஆவணி பிறந்து ஒரு வியாழக்கிழமை
வெயில் வந்தது, போகவில்லை.
அதே பாட்டு. மறுபடி அதே பாட்டு.
நாற்பதுக்குமேல் ரெஜினா எண்ணுவதை விட்டாள்.
தூக்கம் கெட்ட கண்ணோடு முத்துக்கருப்பன் மாமா
ஏணி போட்டு ஏறினார்.
பிடுங்கி எறியப்போகிறார் என்று
கீழே மூன்று பேரும் மூச்சை நிறுத்தினோம்.
ஷிஃப்டில் நனைந்த சாக்ஸ் ஒன்றை
தகட்டின் மேல் விரித்தார்.

நின்றது.

காய்ந்ததும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு
படுக்கப் போனார்.