காற்றுச் சோதனை

சனிக்கிழமை காலை, கோயில் சாப்பாட்டுக் கூடத்தில்
மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு யோகா.
முந்தின நாள் ரசம் தரையை விட்டு இன்னும் போகவில்லை.
"மூச்சை வேடிக்கை பாருங்கள்" என்கிறார் கஸ்தூரி டீச்சர்.
எனக்குச் சிரிப்பு வருகிறது.
வாரத்தில் ஆறு இரவு வேறென்ன பார்க்கிறேன்?

பாடாங் செராய் சாலையில்
செம்பனை முடிகிற இடத்தில் எங்கள் கையுறைத் தொழிற்சாலை.
பால் தாய்லாந்திலிருந்து லோரியில் வருகிறது.
இங்கே பால்மரம் ஒன்றும் மிச்சமில்லை,
அதற்காக யாரும் அழுவதும் இல்லை.
குழாயில் கையுறையை மாட்டி,
காற்றை விட்டு,
ஐந்து விரலும் பசுமடி போல் விடைத்ததும்
கன்னத்தருகே திருப்பித் திருப்பிப் பிடித்து
கசிகிறதா என்று கேட்கிறேன்.
ஒன்றுக்கு ஆறு விநாடி.
உள்ளே, நிறுத்து, வெளியே.
பூரகம், கும்பகம், ரேசகம் என்று டீச்சர் சொன்ன அன்று
தினமும் பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரரின்
முழுப்பெயர் தெரிந்ததுபோல் இருந்தது.

அடுத்த மேசை பிஷ்ணு மாயா, நேப்பாளம்.
கையுறைக்கு ஒரு ராம்.
விடிவதற்குள் மூவாயிரம் ஆகிவிடும்.
கெட்டதற்கும் ராம்தானா என்று கேட்டேன்.
கெட்டதற்கு இரண்டு, என்றாள்.

போன புதன், பின்னிரவு மூன்றரை.
கணக்கு முடித்தால் நாற்பது வெள்ளி கூடுதல்.
ஒரு சுண்டுவிரல் நுனியில் முனகல்.
ஊசிமுனையைவிடச் சின்னது.
ஓட்டையா, என் காதா?
காதுதான் என்று எனக்கு நானே சொல்லி
நல்லவற்றோடு போட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, குளித்து, ஜன்னலோரம்
சம்மணமிட்டு உட்கார்ந்தேன்.
மூச்சு ஒழுங்காகத்தான் போகிறது.
திரும்பும்போது சுண்டுவிரலில் கசிகிறது.
நான் இந்த உடம்பில்லை, சொல்லிப் பார்த்தேன்.
அப்படியானால் பொய் சொன்னது யார்?
நான் வெறும் சாட்சி, அதையும் சொன்னேன்.
சாட்சி என்றால்
ஒருநாள் சாட்சி சொல்லத்தானே வேண்டும்.

கூடத்துச் சுவரில் எட்டுப் படிகளின் படம் உண்டு.
ஆசனம் மூன்றாவது படி.
முதல் படியில் என்ன எழுதியிருக்கிறது என்று
எங்களில் யாரும் வாசித்ததில்லை.
பாய்களைச் சுருட்டி அதன்மேல்தான் சாய்த்து வைப்போம்.

மறுநாள் இரவு சூப்பர்வைசர் ஷுக்ரியிடம் போனேன்.
"ஒரே ஒரு கையுறையா?"
ஒன்றுதான். இரண்டு பெட்டியில் ஏதோ ஒன்றில்.
இன்னும் கப்பல் ஏறவில்லை.
அவர் விட்டது நீண்ட பெருமூச்சு. நல்ல ரேசகம்.
என் எண்ணிக்கைக்கு நேராகச் சிவப்பில் கோடு போட்டார்.

இரண்டாயிரம் உருப்படி, மறுபடி முதலிலிருந்து.
எனக்குக் கோபம், நாற்பது வெள்ளிமேல்,
டீச்சர்மேல், என் காதுமேல்.
கோபத்தோடேதான் ஊதினேன்.
இடைவேளையில் கூப்பிடாமலே பிஷ்ணு மாயா வந்து உட்கார்ந்தாள்.
ராம். ராம். ராம்.
தேத்தாரே ஆறி ஆடை கட்டியது.

அது கிடைக்கவில்லை.
காதாகவே இருந்திருக்கலாம்.
இரண்டாம் முறையும் என் கையைத் தாண்டிப் போயிருக்கலாம்.
பெட்டிகளுக்கு மறுபடி பசைநாடா ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன்.
பரிமளா, க.
பேனா கொஞ்சம் தயங்கியது.

விடிகாலை பஸ்ஸில்
பிஷ்ணு மாயா வாய் திறந்தபடி தூங்கிவிட்டாள்.
ஜன்னல் கண்ணாடி அவள் மூக்கருகே மட்டும்
மங்குகிறது, தெளிகிறது.
லூனாஸ் முச்சந்தி வரை
எண்ணாமல் பார்த்துக்கொண்டு வந்தேன்.