பால் வண்டி

ஸ்டான்லியில் நைட் முடிந்து
ஐந்தே முக்காலுக்குத் தண்டையார்பேட்டை.
கேட்டில் கார்டை வைத்தேன். சிவப்பு.
துப்பட்டாவில் துடைத்து வைத்தேன்.
சிவப்பு.

எத்திராஜ் அண்ணன் தலையைச் சொறிந்தார்:
“வாடகைக்காரங்க கார்டெல்லாம் ராத்திரி கட் பண்ணிட்டாங்கம்மா.
அசோசியேஷன் மீட்டிங்ல முடிவு.
ஓனர் நேர்ல வந்து கையெழுத்து போடணுமாம்.”

ஓனர் மஸ்கட்டில்.
அஞ்சாந்தேதி வாடகை மட்டும்
தடையில்லாமல் கடல் தாண்டுகிறது.

முதலில் மொட்டைமாடிச் சாவி. பிறகு லிஃப்ட்.
மூன்று மாதமாய் என் யூனிஃபார்ம்
ஹாலில் ஃபேனுக்கடியில் காய்கிறது.

பையில் மெயின்டனன்ஸ் ரசீது:
மெர்லின், 4சி, இரண்டாயிரத்து நானூறு.
வாங்கும்போது பெயரைப் பிழையில்லாமல்தான் எழுதியிருக்கிறார்கள்.
கம்பி இடுக்கில் நீட்டினேன்.
“எனக்கும் கொருக்குப்பேட்டைல வாடகை வூடுதாம்மா”
என்றார் அண்ணன்.
சாவியைத் தொடவில்லை.

பால் வண்டி வந்தது.
ஒரு ஹாரன்.
கேட் முழுசாய்த் திறந்தது.

பையனிடமிருந்து ஒரு டிரேயை வாங்கிக்கொண்டேன்.
அண்ணன் ரிஜிஸ்தரில் எதையோ
மும்முரமாகத் தேட ஆரம்பித்தார்.

செயலாளர் வீட்டுக்கு ஆரஞ்சு பாக்கெட் இரண்டு.
அடியில் ரசீதை வைத்து
காலிங் பெல்லை அழுத்தினேன்,
விரலை எடுக்காமல்.