எடை இறங்கிய பிறகு

பாலத்தின் இணைப்புகளில் ஏறி இறங்கும்போதெல்லாம்
வண்டியின் பின்பக்கம் தனியாக ஓர் அடி எடுத்து வைத்தது.
"நண்டு மாதிரி போகுது" என்றான் லைல்
வாயில் பாதி முட்டை ரொட்டியோடு.
அவன் கப்பல் கிளம்ப நாற்பது நிமிடம்.
இரும்புத்தாது ஏற்றி, ஏரிகள் கடந்து,
அறுபது நாள்.
துறைமுக வாசலில் இறங்கிக் கதவை இரண்டு தடவை அறைந்தான்.
கோபமில்லை. அந்தக் கதவு ஒரு தடவையில் மூடாது.
கோபம் முந்தைய இரவிலிருந்து
சமையலறையிலேயே கிடந்தது,
பாதி பேசி விட்டது.

மே மாதம், இரண்டாம் சனிக்கிழமை.
டுலூத்தின் சரிவில் எங்கள் வீட்டு வாசல் மட்டும்
ஓரளவு சமதளம்.
முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து
பின்பக்கத்தைத் தாங்கிகளில் ஏற்றி
அட்டைப்பெட்டியைக் கிழித்து விரித்து
அதன்மேல் மல்லாந்தேன்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைத்திருந்தது
இந்த இருபத்தொரு வயது மாஸ்டா.
உப்பிட்டது நகராட்சி,
நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, லாரி லாரியாக.
நினைவு போல்ட்டின் தலையைத் தின்று
ஆறு முனையையும் உருண்டையாக்கியிருந்தது.

வெளிப்பக்க போல்ட்டுகள் முனகிக்கொண்டாவது வந்தன.
உள்பக்கம்தான்.
சக்கரத்தின் கோணத்தைத் திருத்தும் போல்ட் அது;
கோடு நிற்கும் இடத்தை
வெள்ளை நகப்பூச்சால் குறித்துக்கொண்டேன்.
(நகத்தில் பூசி மூன்று வருடம்.)
நட்டு கழன்றது. போல்ட் வரவில்லை.
புஷ்ஷின் உள்குழாயோடு ஒட்டி ஒரே இரும்பாகி
ரப்பருக்குள் சும்மா சுற்றியது,
எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு
இடத்தைவிட்டு நகராத ஆளைப் போல.

எண்ணெய் விட்டேன். காத்திருந்தேன்.
சுத்தியலால் கேட்டுப் பார்த்தேன்.
நெருப்பு காட்டியதில் ரப்பர் பற்றித்
தெரு முழுக்க நாறியபோது
எதிர்வீட்டு மார்வெட் காபிக் கோப்பையோடு வந்து
"யாராவது செத்துட்டாங்களா?" என்றாள்.
"இன்னும் இல்ல."
அவளிடம் மின்ரம்பம் இருந்தது. பிளேடு இல்லை.

புதுக் கைகள் நான்கும் எண்பத்தெட்டு டாலர்.
பழையதை விடாமல் பிடித்திருந்த
இரண்டே இரண்டு போல்ட்டை அறுக்க
பிளேடுகள் மட்டும் ஐம்பத்தாறு.
கண்ணில் தூள், முழங்கைவரை துரு,
பல்லிடுக்கில் எங்கோ இரும்பின் ருசி.
மூன்று மணிக்கு வலது கை விழுந்தது.
வண்டியினுடையதைச் சொல்கிறேன்.
என்னுடையது அரைமணி முன்பே விழுந்துவிட்டது.

இடது பக்கம் முடிய ஐந்தரை.
புதுக் கைகளை மாட்டி, புது போல்ட்டைச் செருகி
ஸ்பானரில் காலை ஊன்றி இறுக்கினேன்,
அறுபது நாள் ஆத்திரத்தையும் அதில் போட்டு.
இரண்டு பக்கமும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

"முதுகுல என்னது?" மார்வெட் உரித்தெடுத்தாள்.
கைகளோடு பெட்டியில் வந்த தாள்.
காலையிலிருந்து அதன்மேல்தான் படுத்திருக்கிறேன்.
அவள் சத்தமாக வாசித்தாள்:
"எடை சக்கரத்தில் இறங்கிய நிலையில் மட்டுமே
இறுதியாக இறுக்கவும்."

தொங்கும்போது இறுக்கினால்
தொங்குவதே இயல்பென்று ரப்பர் நம்பிவிடும்.
தரைக்கு வந்ததும் முறுகும்.
நின்றாலும் முறுகும், ஓடினாலும் முறுகும்,
ஒரு பனிக்காலத்துக்குள் கிழியும்.

ஒன்றும் சொல்லாமல் மறுபடி கீழே போனேன்.
எல்லாவற்றையும் தளர்த்தினேன்.
ஜாக்கைச் சக்கரமையத்தின் அடியில் கொடுத்து
வண்டி தாங்கியைவிட்டு மயிரிழை எழும்பும்வரை உயர்த்தி
அங்கே, அந்தக் கனத்தில், இறுக்கினேன்.
மார்வெட் டார்ச் பிடித்தாள். காபி ஆறிப்போனது.

ஒன்பது மணிக்கு ஏரி நடுவிலிருந்து சிக்னல்.
"என்ன முடிவு பண்ணின?"
சமையலறை விஷயம்தான்.
பதில் என்னிடம் தயாராக இருந்தது, மூன்று நாளாக,
நன்றாகக் கூர் தீட்டி.

"நீ இறங்கி வா. அப்புறம் பேசலாம்."
"ஏன், இப்ப என்ன?"
"இப்ப இறுக்கக் கூடாது."
அவனுக்குப் புரியவில்லை. இரைச்சல்.
நண்டு என்ன ஆனது என்று கேட்டான்.

நேராகத்தான் போகிறது.
ஆனால் நகப்பூச்சுக் கோடு ஒரு மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது;
திங்கட்கிழமை அலைன்மெண்ட் பார்க்கணும்.
கதவு இன்னும் இரண்டு தடவைதான்.