புளியரையில் ஓய்வு

மசூது அண்ணன் போனில்
ராத்திரிதோறும் ஒரு பச்சைக் கட்டம்:
ஓய்வு, மூன்று மணி நாற்பது நிமிடம்.
"எவன் ஓஞ்சான்?
எஸ் வளைவுல முன்னால இருபது டாரஸ், பின்னால முப்பது.
பிரேக்குல வச்ச காலை எடுக்கல.
இது ஓய்வாம். இதுக்குக் காசு கிடையாதாம்."

செங்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
டிஸ்பிளே மாற்றுகிற கடை என்னுடையது.
கண்ணாடி நொறுங்கித்தான் எல்லோரும் வருவார்கள்.
இவர் கீறல் விழாத போனை நீட்டி
"இதுக்குள்ள பாக்க முடியுமாம்மா?" என்றார்.

ஷட்டரைப் பாதி இறக்கினேன்.
செயலியைக் கணினிக்கு இழுத்து
பெயரின் வாலை வெட்டி ஜிப் என்று ஒட்டினேன்.
திறந்துகொண்டது. அவ்வளவுதான் பூட்டு.
படங்கள், எழுத்துருக்கள், கம்பெனியின் யானை,
எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கோப்பு.
பதினோரு லட்சம் எழுத்து. ஒரே வரி.

வரியை உடைக்கிற கருவியில் போட்டேன்.
முப்பத்தொன்பதாயிரம் வரியாக
உள்தள்ளி, அடக்கமாக நின்றது.
பெயர்கள் மட்டும் திரும்பவில்லை.
யாரோ யோசித்து வைத்த பெயரெல்லாம்
இடம் அடைக்கிறதென்று உரித்துப் போட்டு
ஈ, டி, என் என்று நிறுத்தியிருந்தார்கள்.
என் என்றால் எனது இல்லை.
யாருடையதும் இல்லை.

ஓய்வு என்று தேடினேன். இல்லை.
அந்தக் கோப்பில் தமிழே இல்லை.
டீ ஆறிய பிறகுதான் உறைத்தது,
அயல் எழுத்தை எண்ணாக்கித்தான் மூட்டை கட்டுவார்கள்.
பூஜ்யம் பி ஒன்பது மூன்று: ஓ.
பூஜ்யம் பி ஏ எஃப்: ய.
புள்ளிக்கும் தனியாக ஓர் எண்.
அப்புறம் வகரம். அதன் உகரக் கால்.
ஐந்தையும் கோத்துத் தேடினால்
இருபத்தோராயிரத்துச் சொச்சத்தில் நின்றது.

வேகம் நாலுக்குக் கீழே,
நேரம் இருபது நிமிடத்துக்கு மேலே,
ஓய்வு. பெருக்கு பூஜ்யத்தால்.

"அப்ப அது பொய் சொல்லலையா?"
"இல்லண்ணே. நின்னா ஓய்வுங்குது.
அதுக்கு மழை தெரியாது, கிளட்ச் தெரியாது."
அவர் முகம் இன்னும் கறுத்தது.
பொய்யாக இருந்தால் நல்லது என்று
நினைத்திருப்பார் போல.

அதற்கு நேர் கீழே இன்னொரு கட்டு.
பன்னிரண்டு எண்கள்.
ரீசார்ஜ் நோட்டின் பின்பக்கம் எழுதி
ஒவ்வொன்றாக எழுத்தாக்கினேன்.
க. துணைக்கால். த. புள்ளி. மறுபடி த.
இகரக் கொக்கி. ர, உகரம்.
ப வந்ததும் பேனாவை வைத்துவிட்டேன்.

காத்திருப்பு.

மணிக்கு அறுபது ரூபாய்.
நாலு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை.
ஒன்றை வரைபடத்தில் போட்டால்
அதே வளைவு, அதே புளியரை.
சுற்றிலும் இரண்டு கிலோமீட்டர் வட்டம்.
கணக்கெல்லாம் சரியாக இருந்தது.
முப்பத்தொன்பதாயிரம் வரியில்
அதைக் கூப்பிட ஒரு வரி இல்லை.

"யாரு எழுதுனது?"
"பேர் இருக்காதுண்ணே, எல்லாம் உரிச்சிட்டாங்க."
"எவனா இருந்தாலும் நம்ம லைன்ல நின்னிருக்கான்," என்றார்,
அத்தனை உறுதியாக.
எனக்கு அப்படித் தோன்றவில்லை.
வேறெங்கோ குளிரூட்டிய அறையில்
வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்த ஒருவராகவும் இருக்கலாம்.
சொல்லவில்லை.

அந்தப் பதினேழு வரியைப் பிரிண்ட் எடுத்தேன்.
பத்து ரூபாய் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன்.
பெர்மிட்டோடும் இன்சூரன்ஸோடும் மடித்து வைத்தார்.
திங்கட்கிழமை கம்பெனியில் காட்டுவாராம்.
அவர்களுக்கு அது புரியுமா என்று கேட்டார்.
புரியாமலா எடுத்து வைத்திருக்கிறார்கள் என்றேன்.

ராத்திரி இரண்டேகாலுக்கு ஒரு படம் அனுப்பினார்.
வைப்பருக்கு நடுவே சிவப்பு விளக்குகள்,
மேடு ஏறி மரத்துக்குள் வளைகிற வரிசை.
கீழே குரல்செய்தி, ஏழு விநாடி.
பின்னால் யாரோ மலையாளத்தில் திட்டுகிறார்கள்.
"பன்னெண்டு எண்ணுன்னு சொன்னியே,
முதல்ல வாறது என்னது?
சனோஜ் கேக்கான், பின் வண்டிக்காரன்."

எழுந்து விளக்கைப் போட்டு
நோட்டைத் தேடினேன்.